கொஞ்சமா ஊத்துங்க

அதுக்குத்தான் சொல்றேன் கண்ணு, ஊட்ட நீ எப்படி வேணாலும் கழுவி உட்டுக்க, எந்தக் கலர்ல வேணாலும் சுண்ணாம்பு அடிச்சுக்க. கதவுக்குப் பின்னால ஆணியில ஒரு சணல் கயிறு மடிச்சுத் தொங்குது பாரு, அத மட்டும் கழட்டிப் போட்டறாத. நேத்து நீ சாமான் எறக்கறப்பவே சொல்லோணும்னு பார்த்தேன். வண்டிக்காரன் உன்ற பீரோவ வாசக்கால் நெலவுல இடிச்சுக்கிட்டு நின்னான், சரி அப்பறம் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். அது துணி காயப் போடற கயிறு இல்ல. ரைட்டரய்யா கயிறு.

உக்காரு. நாகலூருக்குப் புதுசா வந்திருக்கற, உன்ற ஊட்டுல முன்னால ஆரு இருந்தாங்கனு தெரிஞ்சுக்க வேண்டாமா. நான் இந்த மொளகக் கெளறி உட்டுக்கிட்டே சொல்றேன். வெயில் வேற இன்னிக்கு எட்டிப் பாக்கறதும் ஓடறதுமா இருக்குது.

ரைட்டர்னா கதை எழுதற ஆளுனு நெனச்சுக்காத. எஸ்டேட்டுல ஆள் கணக்கு எடுக்கறவரு. வெடியால நாங்க எல்லாம் காப்பிப் பழம் பறிக்கற கூடையோட கொட்டாய்க்கு முன்னால நிப்போம். பனி மூட்டத்துல பக்கத்துல நிக்கறவ மொகம் தெரியாது. அவரு படி மேல நின்னு ஒவ்வொரு பேரா கூப்புடுவாரு. "பாவாயி"ம்பாரு. அது நான். "இருக்கறனுங்க"ம்பேன். அடுத்து செல்லாயி, அப்பறம் காளியம்மா, அப்பறம் லூர்தம்மா. எனக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான். ஆனா அந்த வரிச இன்னிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பேரு கூப்புட்டு முடிச்சா கொடைய அக்குள்ல இடுக்கிக்கிட்டுத் தோட்டம் பூரா ஏறி எறங்குவாரு. கொக்கு மாதிரி இருப்பாரு அப்ப.

நல்ல மனுசன். ஆனா கூலிக்காரங்க நாங்க குடியிருக்கற லைன் ஊட்டுப் பக்கம் வந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாரு. தாகம் எடுத்தா ஓடைக்குப் போயிருவாரு. செல்லாயி புள்ளைக்குப் பேரு வெச்ச அன்னிக்கு டம்ளர்ல பாயாசத்த நீட்டுனா. "வெச்சிரு, அப்பறம்"னு சொல்லிப்போட்டு நடந்துட்டாரு. அது அப்படியே ஆறிக் கெடந்துச்சு. அந்தப் புள்ளைக்கே இப்ப தல நரைச்சுப் போச்சு, செல்லாயி இன்னும் நேத்து நடந்த மாதிரி சொல்லுவா.

அப்படிப்பட்டவரு ரிட்டயர் ஆயி, இந்த ஊட்ட வாங்கி வந்து, அவரு ஊட்டுக்கார அம்மாவும் தவறிப் போயி, மகன் கோயமுத்தூர்ல வேலைனு அங்கயே இருந்துக்கிட்ட பொறகு, ஒரு நாளு பொழுதோட என்ற வாசல்ல வந்து நிக்கறாரு. கொட மட்டும் அதே கொட.

"பாவாயி, டீ இருக்குங்களா. கொஞ்சமா ஊத்துங்க."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எஸ்டேட்டுல எங்கள வா போம்பாரு. அன்னிக்குத்தான் மொதமொதல்ல 'ங்க' போட்டாரு. கவுத்தி வெச்ச கூடை மேலயே உக்காந்து குடிச்சாரு. மறுநாளு செல்லாயி ஊடு. "கொஞ்சமா ஊத்துங்க"ன்னதும் அவ இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "ஆறுனதுதான் இருக்குதுங்க, ஆகுமுங்களா"ன்னா. எத்தன வருசக் கோவம் பாரு. அவரு ஆறுன டீய வாங்கி, அடி வரைக்கும் குடிச்சுப்போட்டு, டம்ளரக் கழுவிக் கவுத்திட்டுப் போனாரு. செல்லாயி உள்ள போயி அழுதா. கேட்டா வெறகுப் பொகைம்பா.

அதுக்கப்பறம் தெனமும் அதுதான். வெடியால ஒரு ஊடு, மத்தியானம் ஒரு ஊடு, பொழுதோட ரெண்டு மூணு ஊடு. எங்க போனாலும் கொஞ்சமா ஊத்துங்க. லூர்தம்மா டீயோட ஒரு போண்டாவ வெப்பா, அதயும் கொஞ்சமாப் பிட்டுக்குவாரு. பிட்டு வெச்ச மிச்சத்த அப்பறம் கொஞ்சமாத் திம்பாரு. நாங்களும் சும்மா இருக்கறதில்ல. ரைட்டரய்யா நம்ம ஊட்டுல குடிக்கறாருனா சர்க்கரைய கம்மி பண்ண முடியுமா. எங்களுக்கு வெறும் கடுங்காப்பி, அவருக்கு மட்டும் பால ஊத்தி சர்க்கரைய அள்ளிக் கொட்டுவோம். ஸ்பூன் நிக்கோணும் அதுல.

நான் ஒண்ணக் கவனிச்சேன் கண்ணு. டம்ளர்ல கடைசி வாய் எப்பவும் மிச்சம் இருக்கும். அத வெச்சுக்கிட்டே ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுவாரு. மழை, மொளகு வெல, மகன் போன் பண்ணுனது, பண்ணாதது. டம்ளர் காலியானா எந்திரிக்கோணுமில்ல. எந்திரிச்சா அந்தக் கதவத் தொறந்துக்கிட்டு உள்ள போவோணுமில்ல. எனக்குத் தெரியாதா. நானும் ராத்திரிச் சோத்த ஒத்தையா உக்காந்து திங்கறவதான். பேரப் புள்ளைக சேலத்துல இருக்குதுக, திருவிழாவுக்கு வருதுக, போன் டவர் கெடைக்கலைனு மறுநாளே எறங்கிருதுக. அது கெடக்குது.

இப்படியே தொப்பை வந்துருச்சு. அவருக்குத் தெரியல. எப்படித் தெரியும், வேட்டிய வயித்துக்குக் கீழ எறக்கி எறக்கிக் கட்டுனா. "என்ற இடுப்பு கல்யாணத்தப்ப இருந்த அதே இடுப்பு பாவாயி"ம்பாரு. ஆமாங்க, இடுப்பு அதேதான், மேல இருக்கறது ஆரு ஊட்டுதுங்கனு கேப்பேன். சிரிப்பாரு.

நர்சு புள்ள ஒண்ணு வரும் ஸ்கூட்டியில, குப்பனூருல இருந்து ஏறி வர்ற புள்ள. ஊடு ஊடா பிரஷர் பாக்கும். அது இவரப் புடிச்சு வெறும் வயித்துல வரச் சொல்லி ரத்தம் எடுத்துச்சு. ரெண்டு மூணு நாளு கழிச்சு ரிசல்ட்டு வாங்கிக்கிட்டு நேரா என்ற ஊட்டுக்கு வந்தாரு. மொகம் பூரா சிரிப்பு.

"பயப்பட ஒண்ணுமில்ல பாவாயி. பிரஷர் கொஞ்சம் கூட. சர்க்கரை கொஞ்சம் கூட, நோயினு சொல்ற அளவுக்கு இல்லையாம். ரத்தத்துல கொழுப்பு கொஞ்சம் கூட. நல்ல கொழுப்புன்னு ஒண்ணு இருக்குதாம், அது கொஞ்சம் கொறச்சல். பெருசா எதுவுமே இல்ல. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்."

நானும் சந்தோசத்துல ஒரு ஸ்பூன் சர்க்கரைய சேத்துப் போட்டு டீ ஆத்திக் குடுத்தேன். அவரு வாயில வெக்கறாரு, ஸ்கூட்டி வந்து நிக்குது.

"ஐயா, சித்த முன்னால என்னங்க சொன்னேன் நானு."

"எல்லாம் கொஞ்சம்தானேம்மா."

அந்தப் புள்ள அவர உட்டுட்டு என்னையப் பாத்துச்சு. "பாட்டி, உங்க ஊட்டுல ஐயா எவ்வளவு குடிப்பாருங்க."

"கொஞ்சம்தான் சாமி, பாவம்."

வேலிக்கு அந்தப் பக்கம் செல்லாயி நின்னா. அவளக் கேட்டுச்சு. "எங்க ஊட்டுலயும் கொஞ்சம்தான்"ன்னா. அவளுக்குப் பின்னால நின்ன லூர்தம்மாளக் கேட்டுச்சு. "கொஞ்சம்தான். கூட ஒரு போண்டா, அதுவும் கொஞ்சம்"ன்னா.

அந்தப் புள்ள சிரிச்சுச்சு, அப்பறம் சிரிப்ப நிறுத்திக்கிட்டு அவரு பக்கத்துல உக்காந்துச்சு. "ஒவ்வொரு ஊட்டுலயும் கொஞ்சம். ஆனா போறது ஒரே வயித்துக்குத்தானுங்க. உங்க ஒடம்புலயும் அதே மாதிரிதான் நடக்குது. பிரஷர் தனியா பாத்தா கொஞ்சம், சர்க்கரை தனியா பாத்தா கொஞ்சம். ஆனா எல்லாம் ஒரே ரத்தக் குழாய்க்குள்ளதான ஓடுது. வயித்தச் சுத்தியிருக்கற கொழுப்போட சேத்து அஞ்சு இருக்குதுங்க. இதுல மூணு சேந்தாலே ஆவாது. உங்களுக்கு அஞ்சும் சேந்திருக்குது. இப்படியே உட்டா முழுச் சர்க்கரை நோய் வரும், நெஞ்சு அடைக்கும், கையி காலு இழுத்துக்கும். வலி இருக்காதுங்க, அதான் இதுல கெட்டது. ஆனா நீங்க இன்னும் திரும்பி வர்ற எடத்துலதான் இருக்கறீங்க."

அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு சொல்லுச்சு. எங்களுக்கு வாயில நுழையலைனதும் தமிழ்ல ஒண்ணு சொல்லுச்சு, அது அதவிட மோசமா இருந்துச்சு. நாங்களா கொஞ்ச நோவுனு பேரு வெச்சுக்கிட்டோம்.

அன்னிக்குத்தான் கயிறு. என்ற மொளகு மூட்டை கட்டற சணல்ல ஒரு கயிற வாங்கி, அவர நிக்க வெச்சு, உச்சந்தலையில இருந்து குதிகால் வரைக்கும் அளந்து வெட்டுச்சு. அப்பறம் அதப் பாதியா மடிச்சு அவரு தொப்புளுக்கு நேரா சுத்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் இடுப்புச் சுத்தளவு அவங்கவங்க உசரத்துல பாதிக்குள்ள இருக்கோணுமாம். இவருக்கு ரெண்டு முனைக்கும் நடுவுல என்ற கையால ஒரு சாண் எட்டாம நின்னுச்சு. வேட்டி கட்டற எடத்துல அளந்துக்கலாமானு கேட்டாரு. அந்தப் புள்ள மொறச்சுச்சு.

சர்க்கரை போட்ட டீ ஆகாது, பேக்கரி பன்னு ஆகாது. சோத்த மலையாட்டம் குமிக்காம, சாமை, கேப்பை, பயறு, கீரைனு பாத்துக்கோணும். தெனமும் நடக்கோணும். நேரத்துல தூங்கோணும். பிரஷர் மாத்திரைய நல்லா இருக்குதுனு நீங்களா நிறுத்தக் கூடாது. இவ்வளவும் சொல்லிப்போட்டு, பொகையில போட்டுக்கிட்டிருந்த லூர்தம்மாளையும் ஒரு புடி புடிச்சுட்டு, ஸ்கூட்டியில ஏறிப் போயிருச்சு.

மறுநாள்ல இருந்து ரைட்டரய்யா வரல.

ஒரு நாளு பாத்தேன், ரெண்டு நாளு பாத்தேன். கதவு சாத்தியே கெடக்குது. எதுத்தாப்புல வந்தாலும் கொடைய மொகத்துக்கு நேரா சாச்சுக்கிட்டுப் போறாரு. லைன்ல பேச்சு கெளம்பிருச்சு. செல்லாயிதான் ஆரம்பிச்சா. "பாத்தியாடி, மறுபடியும் நம்ம தண்ணி அவருக்கு ஆகாமப் போச்சு. உள்ளுக்குள்ள அதே பழைய ரைட்டருதான்." லூர்தம்மா போண்டா சுடறதையே நிறுத்திட்டா. எனக்குப் பொறுக்கல. ஒரு நாளு பொழுதோட போயி, இதே கதவத்தான், தட்டுனேன்.

தொறந்தாரு. உள்ள டிவி இல்ல, ரேடியோ இல்ல, ஒரு சத்தமில்ல. டம்ளர்ல வெறும் சுடுதண்ணி வெச்சிருக்கறாரு. அத டீ மாதிரி ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டிருந்திருக்கறாரு.

"ஏனுங்க ரைட்டரய்யா, மறுபடியும் எங்க தண்ணி ஆகாதுங்களா."

அவருக்கு மொகம் செத்துப் போச்சு. "அப்படியா நெனச்சுட்டீங்க எல்லாரும்."

"வேற எப்படி நெனைக்கறதுங்க. சர்க்கரை வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா போட்டா குடுக்கப் போறோம்."

"செல்லாயிகிட்டயா சொல்லச் சொல்றீங்க? அந்தப் பாயாசத்துக்கப்பறம் அந்த ஊட்டுல வேண்டாம்ங்கற வார்த்தைய நான் எந்த வாயில சொல்லுவேன்." கொஞ்ச நேரம் கயித்தப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஆணி அப்பவே அடிச்சு மாட்டியிருந்தாரு. "அதுவுமில்லாம பாவாயி, கையில டம்ளர் இல்லாம ஒரு ஆம்பள அடுத்த ஊட்டுல என்ன சாக்குல உக்காருவான்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அழுகதான் வந்திருக்கோணும், சிரிப்பு வந்துருச்சு. "உங்கள உக்காரச் சொன்னது ஆருங்க. அந்தப் புள்ள நடக்கத்தான சொல்லுச்சு. நடக்கறதுக்கு டம்ளர் எதுக்குங்க. நாளைக்குப் பொழுதோட கொழாயடியில வந்து நின்னு எங்க பேரக் கூப்புடுங்க. வர்றமா இல்லையானு பாருங்க."

"வருவாங்களா."

"கூப்புட்டுப் பாருங்க."

மறுநாளு பொழுதோட நல்ல பனி. நான் வாசக் கூட்டிக்கிட்டிருக்கறேன். "பாவாயி"னு ஒரு சத்தம். அதே சத்தம், படி மேல நின்னு கூப்புடற சத்தம். எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு கண்ணு. சீமாரப் போட்டுட்டு "இருக்கறனுங்க"ங்கறேன், கை தானாக் கூடையத் தேடுது. அடுத்து "செல்லாயி"ன்னாரு. உள்ள இருந்து, "இருக்கறனுங்க, காலுதான் வலிக்குது. கூலி ஆரு குடுப்பாங்க"ன்னு கேட்டுக்கிட்டே செருப்ப மாட்டிக்கிட்டு வர்றா. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு, பனினு தொடச்சுக்கிட்டாரு.

அடுத்ததா, பழக்கம் பாரு, "காளியம்மா"ன்னுட்டாரு.

காளியம்மா அதுக்கு முந்துன காப்பி சீசன்லயே செத்துப் போயிட்டா. வெள்ளோக்கு மரத்துல இருந்து தண்ணி சொட்டறது மட்டும் கேக்குது. அப்பறம் மெதுவா "லூர்தம்மா"ன்னாரு. அதுக்கப்பறம் எந்த நாளும் அந்தப் பேர அவரு கூப்புடல. ஆனா செல்லாயிக்கும் லூர்தம்மாளுக்கும் நடுவுல, ஒரு பேரு கூப்புடற நேரம் சும்மா நிப்பாரு. நாங்களும் நிப்போம்.

சர்ச்சு வளைவு வரைக்கும் போயி பஸ் ஸ்டாப்பு வழியாத் திரும்புவோம். நடக்கறப்ப பேச முடியோணும், ஆனா பாட முடியக் கூடாதுனு அந்தப் புள்ள சொல்லி உட்டிருந்துச்சு, அதுதான் வேகத்துக்கு அளவாம். லூர்தம்மா சர்ச்சுப் பாட்ட ஆரம்பிச்சா அவரு திரும்பிப் பாத்து, "பாடறீங்க, வேகம் பத்தல"ம்பாரு. ஏற்காட்டுக்கு வர்ற டூரிஸ்ட்டுக காரை நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. பழைய எஸ்டேட்டு ஊர்வலம்னு நெனச்சாங்களோ என்னமோ. திரும்பி வந்து என்ற வாசல்ல சர்க்கரை இல்லாத டீ, எல்லாருக்கும். மொதல்ல கழனித் தண்ணி மாதிரி இருந்துச்சு, அப்பறம் நாக்கு பழகிக்கிச்சு. செல்லாயி ஊட்டுல அவரு டீ வேண்டாம்னு சொல்ற வேலையே வரல. அவதான் மொதல்ல சர்க்கரை டப்பாவ மேல ஏத்தி வெச்சவ.

ஞாயித்துக்கெழம லூர்தம்மா சர்ச்சு முடிஞ்சு வந்ததும் அவரு கயித்தச் சுத்திப் பாப்பாரு. ஒரு சாண் நாலு விரலாச்சு. நாலு விரல் ரொம்ப நாளு எறங்காம நின்னுச்சு, மழைக் காலத்துல ஒரு விரல் கூடவும் செஞ்சுச்சு. பொங்கல் கழிச்சு ஒரு நாளு ரெண்டு முனையையும் தொப்புள்கிட்டப் புடிச்சுக்கிட்டு வாசலுக்கு ஓடி வர்றாரு, வேட்டி அவுந்தா கூடத் தெரியாது அவருக்கு. "ஒட்டிருச்சு பாவாயி." நர்சு புள்ளையும் பாத்துட்டு, சர்க்கரை எறங்கிருச்சு, கொழுப்பும் எறங்கிருச்சு, பிரஷருக்கு மட்டும் மாத்திரை நிக்கட்டும்னுச்சு.

அது நல்லா முடிஞ்ச கதைனு எந்திரிச்சறாத. உக்காரு.

மகன் வந்தான். நல்ல பையன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். அப்பா எளச்சதப் பாத்துட்டான், இப்படி ஒரு நோவு இருந்துச்சுனு அப்பத்தான் கேள்விப்பட்டான். பயந்துட்டான். "இங்க தனியா இருந்தது போதும்ப்பா"னு சொல்லி, கோயமுத்தூருக்கு வண்டி கொண்டு வந்துட்டான். தனியானு எத வெச்சுச் சொன்னான்னு எனக்கு இன்னும் வெளங்கல.

கெளம்பற அன்னிக்கு வெடியால பனி. அவரு பையக் கையில வெச்சுக்கிட்டுக் கொழாயடியில நிக்கறாரு. அப்பத்தான் எனக்கு உறைக்குது. அத்தன வருசமா எங்க எல்லார் பேரையும் கூப்புட்டவரு, அவரு பேர ஒருத்தரும் கூப்புட்டதில்ல. ரைட்டரய்யா, அவ்வளவுதான். அந்தம்மாவும் ஏனுங்கம்பாங்க. மகனுக்கு அப்பா. நான் அவன்கிட்டப் போயி காதோட பேரக் கேட்டுக்கிட்டேன். என்ற வாசப்படி மேல ஏறி நின்னு, தொண்டையத் தெறந்து கூப்புட்டேன்.

பேரு உனக்கு எதுக்கு. அத நான் ஒரே ஒரு தடவதான் கூப்புட்டேன், அதோட இருக்கட்டும்.

மகன் காருக்குள்ள இருந்து எட்டிப் பாக்கறான். அவரு பையக் கீழ வெச்சாரு. கொடைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு நிமுந்து நின்னாரு. "இருக்கறனுங்க"ன்னாரு. அப்பறம் வண்டியில ஏறிக்கிட்டாரு.

கயித்த ஏன் எடுத்துட்டுப் போகலைனு கேக்கறயா. தெரியல. அதப் பிரிச்சு உட்டா அவரு உசரம், மடிச்சா பாதி. ஊடு பூட்டிக் கெடந்த நாள்ல சாவி என்கிட்டத்தான் இருந்துச்சு, கூட்டறதுக்கு வருவேன். ஒரு நாளு கயித்தப் பிரிச்சு அந்த ஆணியில ஒத்தையா மாட்டிப் பாத்தேன். தரைக்கு மேல அவரே அப்படியே நிக்கறாப்பல இருந்துச்சு. பயமில்ல, என்னமோ போல ஆயிருச்சு. மறுபடியும் மடிச்சு மாட்டிட்டேன்.

போன் பண்ணுவாரு. அங்க எல்லாக் கதவும் சாத்தியே இருக்குதாம், எந்தக் கதவத் தட்டுனாலும் ஆருங்கனுதான் கேக்கறாங்களாம். கீழ கார் நிறுத்தற எடத்தச் சுத்திச் சுத்தி நடக்கறாராம். நடக்கறப்ப எங்க பேர வரிசையாச் சொல்லிக்கிட்டே நடப்பாராம். வாட்ச்மேன், ஆரக் கூப்புடறீங்க சார்ங்கறானாம். "இன்னிக்கு ஆரு ஆரு வந்தாங்க பாவாயி"ம்பாரு மொதல் வார்த்தையா. எல்லாரும் வந்தாங்கம்பேன். லூர்தம்மா பாடறாளானு கேப்பாரு, பாடறாளுங்கம்பேன். "அப்ப வேகம் பத்தல, சொல்லி வெய்யுங்க"ம்பாரு.

செல்லாயி முட்டி தேஞ்சு போயி கிளியூர்ல மக ஊட்டுல இருக்கறா. லூர்தம்மா பேத்தியப் பாத்துக்கச் சேலத்துக்கு எறங்கிட்டா. நான் ஒருத்திதான் போயிட்டு வர்றேன். அத எப்படி அவருகிட்டச் சொல்றது. சொன்னா அங்க அவரு கூப்புடற பேருக்கெல்லாம் பதிலே இல்லாமப் போயிருமில்ல. அதான் சொல்லல.

நீ எந்திரி சித்த, அப்படி நில்லு பாக்கலாம். ம்ம். உனக்கு அந்தக் கயிறு ஆகாது, நீ குட்ட, வேற வெட்டிக்கலாம். பேக்கரி கவரு ஒண்ணு உங்க ஊட்டு ஜன்னல்ல இருக்கறத நான் பாக்கலைனு நெனைக்காத. பொழுதோட வேலை ஒண்ணும் இல்லையே உனக்கு? சர்ச்சு வளைவு வரைக்கும்தான். இன்னிக்கு அவரு போன் வர்ற நாளு, புதுசா ஒரு பேரச் சேத்துச் சொன்னா மனுசன் அந்த வாட்ச்மேன்கிட்டயே சொல்லிச் சிரிப்பாரு. ஆமா, நேத்துல இருந்து கண்ணு கண்ணுனே கூப்புட்டுக்கிட்டிருக்கறனே, உன்ற பேரென்ன.

அட, தூறல் போட்டுருச்சு. மொளகு நனையுது, அந்தச் சாக்கு முனையப் புடி, புடி. உள்ள இழு. பேரச் சத்தமாச் சொல்லு, தகரத்து மேல மழ விழுகற சத்தத்துல காது கேக்கல.